பீப் சத்தம் வருது, கதவு திறக்கல

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை டீ கூடக் குடிக்கவில்லை, போன் வந்தது. எங்கள் திருப்பூரில் எட்டு மணிக்கு முன்னால் எனக்குப் போன் வந்தால் ஒன்று கேமராவில் படம் போயிருக்கும், இல்லையென்றால் கதவு பூட்டிக்கொண்டு ஷிப்டுக்கு வந்தவர்கள் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். அன்றைக்கு இரண்டும். பேசியது ஒரு கம்பெனி மேனேஜர்.

"ஏனுங் தம்பி, அடுத்த புதன்கிழமை, துணி வாங்குற பையரோட ஆடிட் இருக்குதுங்க. ஆறு கேமரா புதுசா மாட்டினோம், ஒண்ணுலயும் படம் வரல. சைடு கேட்டுல புது கார்டு ரீடர் போட்டோம், பீப் சத்தம் வருது, கதவு திறக்கல. எல்லாம் நல்ல சாமானுங்க, பெட்டி மேலயே எல்லாத்துக்கும் சேரும்னு போட்டிருக்குது."

கேமரா, கேட் ரீடர் பழுது பார்க்கிற இந்த வேலையைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். 'எல்லாத்துக்கும் சேரும்' என்ற வார்த்தை காதில் விழுந்தாலே, மதியச் சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

அது நடுத்தரமான ஒரு பனியன் கம்பெனி. 16 கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்கிற ரெக்கார்டரான ஒரு என்விஆர், மெயின் கேட்டில் கார்டு ரீடர். நாலைந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. மழைக்காலத்தில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து, குடோன் பக்கத்து ஆறு கேமராவும் அந்தப் பக்கத்து பிஓஇ ஸ்விட்சும் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற பெட்டி) போய்விட்டன. அதே மாடல் கேமரா கடையில் இல்லை. இது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரல் 9 அன்று ஓர் ஆணை போட்டது. அதன்படி 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். தேவையான ஆணைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் வாங்குகிற கடைகளின் அலமாரியே மாறிப்போனது. பழைய சிஸ்டத்தில் ஒரு கேமரா போனால் அதே கேமராவைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. வேறு கம்பெனி கேமராவைத்தான் மாட்டியாக வேண்டும், மாட்டினால் இந்தக் கூத்து.

மாட்டியவர் கம்பெனியின் எலக்ட்ரீஷியன் அண்ணன். மோட்டார், பேனல் போர்டு என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேபிளை அவர் பைப்புக்குள் இழுத்திருந்த நேர்த்தியைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நெட்வொர்க் அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

போனதும் நான் என்விஆரைத் தொடவில்லை. புதுக் கேமரா ஒன்றைக் கழற்றி, பையில் எப்போதும் இருக்கிற சின்ன பிஓஇ ஸ்விட்சில் சொருகி, லேப்டாப்பை அதோடு நேராக இணைத்தேன். விஎல்சி பிளேயரில் கேமராவின் வீடியோ முகவரியை (ஆர்டிஎஸ்பி) போட்டால் படம் கண்ணாடி மாதிரி வருகிறது. சரி, கேமராவில் குறை இல்லை. மீதிப் பத்துக் கேமரா என்விஆரில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆக என்விஆரிலும் குறை இல்லை. இரண்டும் நல்லது, சேர்த்தால் மட்டும் வேலை செய்யாது. சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி, தனித்தனியாகப் பேசினால் இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள்.

என்விஆரில் தேடச் சொன்னால் ஆறு கேமராவும் பட்டியலில் வருகின்றன. சேர்க்கச் சொன்னால் 'பாஸ்வேர்டு தவறு' என்கிறது. பாஸ்வேர்டை எலக்ட்ரீஷியன் அண்ணன் கேமரா பெட்டியிலேயே ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி வைத்திருந்தார் (செய்யக் கூடாத வேலை, ஆனால் அன்றைக்கு எனக்கு வசதியாகத்தான் இருந்தது). அதே பாஸ்வேர்டில் லேப்டாப்பில் கேமராவுக்குள் போக முடிகிறது. ஒரே பாஸ்வேர்டு, ஒரு இடத்தில் சரி, இன்னொரு இடத்தில் தப்பு.

வேறு வேறு கம்பெனிக் கேமராவும் ரெக்கார்டரும் பேசிக்கொள்ள ஆன்விஃப் என்று ஒரு பொது மொழி இருக்கிறது. 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஆரம்பித்தது. பெட்டி மேல் இருக்கிற 'எல்லாத்துக்கும் சேரும்' என்பதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான். ஆனால் இப்போது வருகிற பல கேமராக்களில் பாதுகாப்பு காரணமாக ஆன்விஃப் கடையிலிருந்து வரும்போதே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை நாம்தான் உள்ளே போய் ஆன் பண்ண வேண்டும். அதோடு, அதற்கென்று தனியாக ஒரு யூசரும் உருவாக்க வேண்டும். கேமராவின் அட்மின் வேறு, ஆன்விஃப் யூசர் வேறு, அட்மின் பாஸ்வேர்டை நூறு தடவை அடித்தாலும் அந்தக் கதவு திறக்காது. உள்ளே போனேன், ஆன் பண்ணினேன், யூசர் உருவாக்கினேன். ஒரு கேமரா சேர்ந்துவிட்டது. அதே மாதிரி மற்ற ஐந்துக்கும் செய்தேன். சேரவில்லை. அதே 'பாஸ்வேர்டு தவறு'.

அரை மணி நேரம் இங்கே வீணாயிற்று. இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பார்த்த விஷயம்தான், ஆனாலும் உடனே மண்டையில் ஏறவில்லை. சேர்ந்த கேமராவில், கழற்றி எடுத்ததும் நானே லேப்டாப்பிலிருந்து நேரத்தை ஒத்திசைத்திருந்தேன். மற்ற ஐந்தில் எலக்ட்ரீஷியன் அண்ணன் மணியைக் கையால் வைத்திருந்தார், சரியாகத்தான் வைத்திருந்தார், என் வாட்ச்சில் 11 மணி, கேமராவிலும் 11 மணி. ஆனால் நேர மண்டலம் மட்டும் தொழிற்சாலையில் வைத்த சீன நேரமான +8 மணியிலேயே நின்றது. நமக்குத் தேவை +5:30. கண்ணுக்கு 11 மணியாகத் தெரிந்தாலும், கேமரா தன் மனதுக்குள் உலகப் பொது நேரம் 3 மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அப்போது 5:30. ஆன்விஃப் வழியாகப் பாஸ்வேர்டு போகும்போது அனுப்பிய நேரத்தையும் அதோடு சேர்த்துக் குழைத்துத்தான் போகும், எவனாவது நடுவில் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து பிறகு அதையே திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு செய்தி வந்தால் கேமரா அதைச் சந்தேகப்பட்டு மறுத்துவிடும். மறுக்கிறதை 'உன் கடிகாரம் சரியில்லை' என்று சொன்னால் நாம் பிழைத்தோம். 'பாஸ்வேர்டு தவறு' என்றுதான் சொல்லும். சில என்விஆர்கள் முதலில் கேமராவிடம் மணி என்ன என்று கேட்டுக்கொண்டு அதற்கு ஏற்றபடி அனுப்பும். இது அந்தச் சாதி இல்லை.

இதில் இன்னொரு வில்லங்கம், என்விஆர் சும்மா இருக்காது, விடாமல் முயற்சி பண்ணிக்கொண்டே இருக்கும். நாலைந்து தடவை தப்பானதும் கேமரா அந்த முகவரியை அரை மணி நேரத்துக்குப் பூட்டி வைத்துவிடும். நாம் நேரத்தைத் திருத்திய பிறகும் 'பாஸ்வேர்டு தவறு' என்றே வரும், அதைப் பார்த்து 'நேரம் காரணம் இல்லை போல' என்று வேறு எங்கோ தேடப் போய்விடுவோம். முதல் தடவை இது எனக்கு நடந்தபோது ஒரு நாள் முழுக்கப் போனது. இப்போது திருத்தியதும் என்விஆரிலிருந்து அந்த சேனலை அழித்துவிட்டு, கேமராவை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் மறுபடி சேர்ப்பேன். சேர்ந்தது, ஆறும்.

சேர்ந்தது என்றால் படம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆறு கட்டமும் கருப்பு, மேலே பச்சை டிக். ஆன்விஃப் என்பதும் ஒரே மொழி இல்லை, உள்ளே ப்ரொஃபைல் என்று பல பிரிவுகள். பழைய என்விஆருக்குத் தெரிந்தது ப்ரொஃபைல் எஸ், அதில் வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264 வரைதான். எச்.265 படத்தை அனுப்புவதற்கான ப்ரொஃபைல் டி 2018-இல்தான் வந்தது. புதுக் கேமரா எச்.265-இல் அனுப்புகிறது, என்விஆர் வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறது. கேமராவுக்குள் போய் எச்.264 என்று மாற்றினேன், ஆறு படமும் வந்தன. மேனேஜர் அண்ணன் கை தட்டாத குறை.

எனக்கு மட்டும் உடனே கணக்கு ஓட ஆரம்பித்தது. எச்.264-இல் அதே தெளிவு வேண்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு டேட்டா. கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, 16 கேமராவுக்கு 345 ஜிபி சொச்சம். என்விஆரில் 6 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு, 34 நாள் தாங்கும். இப்போது ஆறு கேமரா 4 எம்பிபிஎஸ்ஸுக்குப் போனால் ஒரு நாளைக்கு 475 ஜிபி, 25 நாளிலேயே பழையது அழிய ஆரம்பித்துவிடும். மேனேஜர் காட்டிய ஆடிட் பட்டியலில் 30 நாள் பதிவு வேண்டும் என்று இருந்தது. படம் வருகிறதே என்று நான் கிளம்பியிருந்தால் அடுத்த புதன்கிழமை யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, அதற்கடுத்த மாதம் ஏதாவது திருட்டுப் போய் 28 நாளுக்கு முந்தைய பதிவைத் தேடும்போதுதான் தெரியும். குடோனில் துணி பேல்தான் அடுக்கியிருக்கிறது, நொடிக்கு 25 ஃபிரேம் அங்கே எதற்கு? 15 ஆக்கி, 2.5 எம்பிபிஎஸ் வைத்தேன். ஒரு நாளைக்கு 378 ஜிபி, 31 நாள். மயிரிழையில் தப்பித்தது.

(இந்த என்விஆரின் வெப் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ஆம் தேதியே அதற்கு விடை கொடுத்துவிட்டது. எட்ஜில் ஐஇ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஒப்பேற்றுகிறேன்.)

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணி 6:40, போன். "தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஆறாவது கேமரா வருது, போகுது, வருது, போகுதுங்க."

பகல் முழுக்க நன்றாக இருந்து இருட்டியதும் போகிற கேமரா என்றால் நான் கேள்வியே கேட்க மாட்டேன், கரண்டுதான். இருட்டியதும் கேமராவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், அப்போது அது இழுக்கிற வாட் இரண்டு மடங்காகும். புது ஸ்விட்சின் மேல் 8 போர்ட், ஒவ்வொன்றும் 15.4 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது, அது 802.3 ஏஎஃப் தரத்தின் அளவு. எட்டைப் பெருக்கினால் 123 வாட் வர வேண்டும். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எறும்பு சைசில் 'மொத்தம் 60 வாட்'. எட்டுப் பேருக்கும் ஆளுக்கு மூன்று தோசை உண்டு, ஆனால் வீட்டில் மாவு பத்துத் தோசைக்குத்தான் என்கிற மாதிரி. கேமரா அதிகபட்சம் 11.5 வாட், ஆறுக்கு 69. பகலில் ஆளுக்கு 5 வாட் என்று 30-இல் ஓடியது. இருட்டியதும் தாங்காமல் ஸ்விட்ச் கடைசி போர்ட்டை வெட்டுகிறது, வெட்டியதும் இடம் கிடைக்கிறது, திரும்பக் கொடுக்கிறது, கேமரா முழித்து விளக்கைப் போடுகிறது, திரும்ப வெட்டு. மறுநாள் காலை இரண்டு கேமராவை ஆபீஸ் பக்கத்துப் பழைய ஸ்விட்சுக்கு மாற்றினேன், தீர்ந்தது. அந்த ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், கடைக்காரரிடம் காட்டுவதற்கு.

அப்புறம் சைடு கேட்டுக்கு வந்தேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே உண்மையில் இதற்காகத்தான்.

பீப் சத்தம் என்பது ரீடர் கார்டைப் படித்துவிட்டது என்பதற்கு மட்டும் அடையாளம். படித்த எண், கதவைத் திறக்கலாமா என்று முடிவு பண்ணுகிற கன்ட்ரோலருக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததை அது ஒத்துக்கொண்டதா என்று ரீடருக்கே தெரியாது, ஏனென்றால் ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஓடுவது வீகண்ட் என்ற முறை, ஒருவழிப் பாதை. பச்சை ஒயரில் பூஜ்யம், வெள்ளை ஒயரில் ஒன்று, ரீடர் தட்டிவிட்டுப் போய்விடும், கன்ட்ரோலர் கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் இல்லை. (இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிற, பூட்டிய செய்தியாக அனுப்புகிற ஓஎஸ்டிபி என்ற முறை வந்து வருடக்கணக்காகிறது. விலையைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.) அதனால் பீப் வருகிறது, கதவு திறக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது கன்ட்ரோலரின் பதிவை. கார்டைக் காட்டச் சொன்னேன், பதிவில் ஒரு வரி கூட விழவில்லை. 'அனுமதி இல்லை' என்று கூட இல்லை. ஆக எண் வந்தே சேரவில்லை.

மல்டிமீட்டரை எடுத்தேன். ரீடருக்கு 12 வோல்ட் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் பக்கத்து பிளக்கில் ஒரு தனி அடாப்டர் போட்டிருந்தார். பச்சையும் வெள்ளையும் மட்டும் கன்ட்ரோலருக்குப் போகின்றன. கன்ட்ரோலருக்கு வேறு பவர் சப்ளை. இரண்டுக்கும் பொதுவாகக் கிரவுண்டு இல்லை. ஒயரில் ரீடர் 'இது பூஜ்யம், இது 5 வோல்ட்' என்று அனுப்புகிறது, எதிலிருந்து 5 வோல்ட் என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. அடாப்டரின் மைனஸிலிருந்து கன்ட்ரோலரின் கிரவுண்டுக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். மேனேஜர் தன் கார்டைக் காட்டினார், கதவு திறந்தது. வாட்ச்மேன் தாத்தா காட்டினார், திறந்தது. செக்கிங் செக்ஷன் அக்கா ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், "நானும் பார்க்கிறேன்" என்று காட்டினார். பீப். திறக்கவில்லை.

"புதுக் கார்டு எல்லாம் டூப்ளிகேட்டுங்க," என்றார் வாட்ச்மேன் தாத்தா, ரொம்ப நாளாகத் தெரிந்த உண்மை மாதிரி. விசாரித்தால், முன்பு வாங்கிய கார்டுகள் எல்லாம் திறக்கின்றன, தீபாவளிக்குப் பிறகு வாங்கிய 50 கார்டு திறக்கவில்லை. ஆனால் அதே 50 கார்டும் மெயின் கேட்டில் நன்றாகத் திறக்கின்றன. கார்டில் தப்பு என்றால் அங்கேயும் திறக்கக் கூடாது. ரீடரில் தப்பு என்றால் மேனேஜருக்கும் திறக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் கார்டைப் பார்க்கிறேன்.

அந்த அக்காவின் கார்டு சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் வெள்ளைக் கார்டு. மேலே 0025382849 என்று அச்சடித்திருக்கிறது, பக்கத்தில் 131,20417. கன்ட்ரோலர் பதிவைத் திறந்தேன். மெயின் கேட்டில் அன்று காலை அவர் வந்தது 8605633 என்று பதிவாகியிருக்கிறது, பெயரும் வருகிறது. சைடு கேட்டில் சற்று முன் காட்டியது 25382849, 'பதிவு செய்யப்படாத கார்டு'. ஒரே கார்டு, ஒரே கன்ட்ரோலர், இரண்டு எண்.

போன் கால்குலேட்டரில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தேன். 16777216.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த எண் சொந்தக்காரர் மாதிரி. 2-ஐ 24 தடவை பெருக்கினால் வருவது. மெயின் கேட் ரீடர் 26 பிட்டில் பேசுகிறது, ஒயரில் போகிற ஒவ்வொரு பூஜ்யமும் ஒன்றும் ஒரு பிட். அதில் முதலும் கடைசியும் சரிபார்ப்புக்கு, நடுவில் எண்ணுக்கு இருப்பது 24 பிட்தான். 131 என்பது முதல் 8 பிட், 20417 என்பது அடுத்த 16. 131-ஐ 65536-ஆல் பெருக்கி 20417-ஐக் கூட்டிப் பாருங்கள், 8605633 வரும். புது ரீடர் 34 பிட்டில் பேசுகிறது, அதில் எண்ணுக்கு 32 பிட். கார்டில் அச்சடித்திருக்கிற நீள எண் முழுசாகப் போகிறது. எங்கள் கன்ட்ரோலர் இரண்டையும் வாங்கிக்கொள்கிற நல்ல மனசுக்காரன், அதுதான் இங்கே வினையாகப் போயிற்று. 26 மட்டும் தெரிந்ததாக இருந்திருந்தால் சைடு கேட்டில் ஒருவருக்கும் திறந்திருக்காது, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அப்படியானால் மேனேஜருக்கு எப்படித் திறந்தது? அவர் கார்டு 0008456789. 16777216-ஐ விடச் சின்ன எண். அதற்கு 24 பிட்டே போதும், 34-இல் அனுப்பினாலும் முன்னால் வெறும் பூஜ்யங்கள்தான் கூடும், எண் மாறாது. பழைய லாட் கார்டு முழுக்க அந்த எல்லைக்குக் கீழே. தீபாவளிக்குப் பிறகு வந்த லாட் எல்லைக்கு மேலே. மெயின் கேட் ரீடர் அந்த மேல் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அனுப்பியது, அந்த வெட்டுப்பட்ட எண்ணைத்தான் பெயரோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கார்டு எதுவும் டூப்ளிகேட் இல்லை தாத்தா, எல்லாம் அசல்.

புது ரீடரின் பின்னால் ஒயர் கொத்தில் எங்கும் போகாமல் ஒரு மெல்லிய ஒயர் சுருட்டி டேப் சுற்றியிருந்தது. அதைக் கிரவுண்டில் சேர்த்தால் 26, சும்மா விட்டால் 34 என்று கூட வந்த துண்டுக் காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் குப்பைத் தொட்டியில், துணி வெட்டுக்கு நடுவில் கிடைத்தது. ஒயரைச் சேர்த்து, பவரை ஒரு தடவை அணைத்துப் போட்டு, அக்காவைக் கூப்பிட்டேன். திறந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம். 26 பிட் மேல் பகுதியை வெட்டுகிறது என்றால், மேல் பகுதி மட்டும் வேறாக இருக்கிற இரண்டு கார்டு அதற்கு ஒரே கார்டுதான். யாரோ ஒருவர் பெயரில் இன்னொருவர் உள்ளே வரலாம், சம்பளக் கணக்கு வரைக்கும் போகும். 240 கார்டின் எண்களையும் எக்செல்லில் போட்டு அந்தச் சின்ன எண்ணில் இரட்டை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இப்போதைக்கு இல்லை. ஒழுங்கான வழி, இரண்டு கேட்டையும் 34-க்கு மாற்றி, புது லாட் கார்டுகளை முழு எண்ணோடு திரும்பப் பதிவது. "ஆடிட் முடியட்டுங்க தம்பி" என்றார் மேனேஜர். சரி.

எண் மாறுகிற வியாதி இது ஒன்றோடு முடியாது. இரண்டு வருடம் முன்பு கோயம்புத்தூரில் ஒரு அப்பார்ட்மெண்டில் 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு. லிஃப்ட் ரீடர் ஒரு கம்பெனி, கேட் ரீடர் வேறு கம்பெனி. கழித்துப் பார்த்தால் எந்தத் தொடர்பும் இல்லாத எண்கள். கார்டுக்குள் இருப்பது நாலு பைட், ஒரு ரீடர் அதை முன்னாலிருந்து படிக்கிறது, இன்னொன்று பின்னாலிருந்து. உள்ளே 12 34 56 78 என்று பதினாறின் அடிப்படையில் இருந்தால் ஒன்று 305419896 என்று சொல்லும், தலைகீழாகப் படிக்கிறது 2018915346 என்று சொல்லும். அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள். அதிலிருந்து எண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஒயரைக் கழற்றுவதில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், போகிற போக்கில் பார்த்தது. உள்ளேயிருந்து எக்ஸிட் பட்டனை அழுத்தும்போதெல்லாம் ரீடர் நீளமாக ஒரு பீப் போட்டு, விளக்கு எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைகிறது, புதிதாகப் பவர் போட்ட மாதிரி. காந்தப் பூட்டும் ரீடரும் ஒரே அடாப்டரில். பூட்டு என்பது பெரிய சுருள், கரண்டை வெட்டின நொடியில் அது எதிர்ப்பக்கமாக ஒரு உதை விடும், அந்த உதையில் ரீடர் தலைசுற்றி விழுந்து எழுந்திருக்கிறது. பூட்டின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்ன சாமான்), கோடு போட்ட பக்கம் பிளஸில். விலை ஒரு மிட்டாய்க் காசு. மாற்றிப் போட்டால் டயோடு வழியாகக் கரண்டு நேராகப் பாய்ந்து அடாப்டர் போய்விடும், அதனால் எலக்ட்ரீஷியன் அண்ணனையே போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாகப் போட்டார்.

கிளம்பும் முன் ஒரு வெள்ளை டேப்பில் எழுதி கன்ட்ரோலர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டினேன்: இரண்டு ரீடரும் 26, மெல்லிய ஒயர் கிரவுண்டில், கேமரா நேரம் +5:30, எச்.264, 15 ஃபிரேம், ஸ்விட்ச் மொத்தம் 60 வாட், நாலு கேமராவுக்கு மேல் வேண்டாம். பாஸ்வேர்டை எழுதவில்லை. கேமராப் பெட்டியில் இருந்ததையும் கிழிக்கச் சொல்லிவிட்டு, மாற்றிக் கொடுத்தேன்.

நேற்று மேனேஜரிடமிருந்து போன். ஆடிட் நன்றாக முடிந்ததாம். "லோடிங் பக்கம் மூணாவது கேட்டுக்கும் ரீடர் வாங்கலாம்னு கடையிலதான் நிக்கிறேனுங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னால உங்களைக் கேட்டுக்கலாம்னு. பெட்டி மேல 34-ன்னு போட்டிருக்குது, எடுக்கலாமுங்களா?"

பெட்டியைத் திறந்து பின்னால் ஒரு மெல்லிய ஒயர் சும்மா தொங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் திறக்க விடவில்லையாம். லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.